மகமைப் பணமும் மேல்படிப்பும்: கடன்பட்டவர் யார்?

விருதுநகர் மண்டிகளில் மூட்டை இறங்கும்போது அதன் விலையோடு இன்னொரு சிறு தொகையும் கணக்கில் ஏறுவது நெடுநாள் வழக்கம். பருத்தியோ மிளகாய் வற்றலோ மல்லியோ, எதுவானாலும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஊர் வைத்த தொகை. அதன் பெயர் மகமை. விற்றவர் பையிலிருந்து போனதா, வாங்கியவர் பையிலிருந்து போனதா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கணக்கில் ஏறிய கணமே அது இருவருக்கும் சொந்தமில்லாத பணமாகிவிடும். ஊர்ப் பணம்.

ஒருவன் படிக்க யார் பணம் கொடுக்க வேண்டும், கொடுத்தபின் அவன் யாருக்கு என்ன திருப்பித் தர வேண்டும் என்ற கேள்வி இன்று வங்கிக் கிளைகளில் விண்ணப்பப் படிவமாகச் சுருங்கிப்போயிருக்கிறது. இந்த வட்டாரத்தில் அது நூறாண்டுகளுக்கும் மேலாக வணிகத்திலும் கோயிலிலும் நீதிமன்றத்திலும் உழன்று வந்த அறக் கேள்வி. முதுநிலைப் படிப்புக்குப் பணம் தேடி அலையும் பிள்ளைகள் பெருகியிருக்கும் காலத்தில், அதற்கு இந்த ஊர்கள் தந்த பதில்களையும் தராமல் விட்ட பதிலையும் திரும்பப் பார்ப்பது பயனுள்ளது.

சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் வேரூன்றிய வரலாற்றை அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969ல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வண்டிமாடுகளோடு வந்த வியாபாரிகள் சரக்கைப் பாதுகாக்கச் சுற்றுச்சுவர் எழுப்பிப் பேட்டை அமைத்தார்கள். பேட்டைக்குச் செலவு வந்தது. அந்தச் செலவுக்கு மகமை வந்தது. அதை நிர்வகிக்க உறவின்முறை இருந்தது; குடும்பத் தலைவர்கள் முறைகாரர்களாக மாறி மாறிப் பொறுப்பேற்றார்கள். பேட்டைக்கும் கிணற்றுக்கும் கோயிலுக்கும் போன பணம், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பள்ளிக்கூடத்துக்கும் போகத் தொடங்கியது. விருதுபட்டியின் சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்த பள்ளி. ஊருக்கு விருதுநகர் என்ற பெயர் 1923ல்தான் வந்தது. பள்ளி அதைவிட மூத்தது.

அந்தப் பள்ளிக்கு இன்னொரு வருமானமும் இருந்தது: பிடி அரிசி. வீட்டில் சோற்றுக்கு அரிசி களையும் முன் பெண்கள் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். பள்ளியிலிருந்து ஆள் வந்து வீடு வீடாக வாங்கிப்போய், விற்று, வாத்தியார் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொள்வார்கள். பிள்ளை இல்லாத வீட்டுப் பானையிலும் அந்தப் பிடி விழுந்தது. பிள்ளை படித்து முடித்துப்போன வீட்டிலும் விழுந்தது. வசதியுள்ள வீடாயினும் இல்லாத வீடாயினும் அளவு ஒரு கைப்பிடிதான். கொடுப்பவர் பெயரைக் கல்லில் வெட்ட இடமில்லாத கொடை அது. இதன் சிறப்பு அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. இன்று கல்வி உதவித்தொகை வழங்கும் விழாக்களில் மேடையேறி, பெரிய அட்டையில் அச்சடித்த காசோலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கும் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தவர்களுக்கு, கொடுத்தவர் முகமே தெரியாத பணத்தின் மதிப்பு விளங்கும்.

மகமைப் பணம் பள்ளிக்குத் திரும்பிய காலத்தை மறந்துவிட்டு அதன் பொருளைப் புரிந்துகொள்ள முடியாது. 1897ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். அதை எதிர்த்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. சிவகாசி விஸ்வநாதர் கோயில் நுழைவை ஒட்டி எழுந்த பகை 1899 ஜூனில் ஊரையே எரித்த கலவரமாயிற்று. காசிக்குப் போய் லிங்கம் கொண்டுவந்த பராக்கிரம பாண்டியனின் கதையிலிருந்து பெயர் பெற்ற ஊரில், அந்தக் கதையின் கோயில் வாசலிலேயே மனிதர்கள் தடுக்கப்பட்டார்கள். தடுக்கப்பட்டவர்கள் தங்கள் பணத்தில் தங்கள் அம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். அதே உறவின்முறை, அதே மகமையில் பள்ளியும் நடத்தியது. அம்மன் பேரால் சேர்ந்த பணத்தைப் பள்ளிக்கூடப் பலகைக்கும் பெஞ்சுக்கும் செலவிடலாமா என்று சாஸ்திரம் பார்த்து யாரும் தயங்கி நின்றதாகத் தெரியவில்லை. திருவிழாவும் ஊர் காரியம், படிப்பும் ஊர் காரியம்.

அந்தத் தயக்கம் பிறகு வேறு இடத்தில் வந்தது. 2021 நவம்பரில் சென்னை கொளத்தூரில் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் சார்பில் கலை அறிவியல் கல்லூரி தொடங்கியபோது கோயில் நிதியைக் கல்லூரிக்குச் செலவிடலாமா என்று வழக்கே நடந்தது. 2025 ஜூலையில் எதிர்க்கட்சித் தலைவர் அதே கேள்வியை எழுப்ப, சில நாட்கள் தமிழ்நாட்டு அரசியலே அதைப் பற்றிப் பேசியது. பழனி தண்டாயுதபாணி கோயில் 1960களிலிருந்து கல்லூரி நடத்தி வருகிறது. அறநிலையத் துறைச் சட்டமும் உபரி நிதியைக் கல்விக்குச் செலவிட வழி வைத்திருக்கிறது. உண்டியலில் விழுந்த காசு யாருடையது என்ற ஐயம் மட்டும் ஓயவில்லை. பக்தர் ஒருவர் சாமிக்குப் போட்டது சாமிக்கே போகட்டும் என்பதில் நேர்மையான ஒரு பக்தி இருக்கிறது. அரசு கைவைத்தால் கணக்கு எங்கே போகும் என்ற பயமும் பொய்யில்லை. ஆனால் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சமூகம், தன் கோயிலையும் தன் பள்ளியையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதிய வரலாறு, இந்த விவாதத்தில் ஒருமுறையாவது எடுத்துப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

பணம் கொடுத்துப் படிக்கவைப்பது தானமா, கடனா, கடமையா? தமிழ் மரபில் மூன்றுக்கும் இடம் உண்டு. சங்க காலத்தில் பாண்டிய மன்னன் ஒருவனே, ஆசிரியருக்கு நெருக்கடி வந்தால் உதவியும் வேண்டிய பொருள் கொடுத்தும் கற்க வேண்டும் என்று பாடியிருக்கிறான். அவன் கணக்கில் படிப்பவன்தான் செலவைத் தாங்க வேண்டும். சிவகாசிக் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் தென்காசிப் பாண்டியர் வழியிலே பின்னால் வந்த அதிவீரராம பாண்டியன், இரந்தாவது கற்கலாம் என்று வெற்றிவேற்கையில் அனுமதி தந்தான். படிக்கும் ஆசைக்கு முன் மானத்தைக்கூடத் தாழ்த்திக்கொள் என்று ஒரு மன்னனே சொல்வது சாதாரண வார்த்தை இல்லை. ஆனால் இரண்டு மன்னர்களும் படிப்பவனைத்தான் பார்த்துப் பேசுகிறார்கள். ஊரைப் பார்த்துப் பேசவில்லை.

ஊரைப் பார்த்துப் பேசியவர் வள்ளுவர். ஈகை என்ற அதிகாரத்துக்கு முன்னாலேயே ஒப்புரவறிதல் என்று தனியாக ஒன்றை வைத்தார். இல்லாதவன் கேட்டு, இருப்பவன் மனமிரங்கிக் கொடுப்பது ஈகை. ஒப்புரவில் கேட்பவன் இல்லை, இரக்கமும் தேவையில்லை. மழை போல, ஊருணி போல, ஊர் நடுவே பழுத்த மரம் போல, ஒருவனிடம் உள்ளது உலகத்துக்கு ஆகிறது. வாங்கியவன் தலை குனிய வேண்டியதில்லை என்பதுதான் இரண்டுக்கும் உள்ள தூரம். மகமையை இந்த ஒப்புரவின் வணிக வடிவம் என்று படிக்கலாம். அதில் படித்த பிள்ளை எந்தத் தனி மனிதருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.

வடமொழி மரபில் இன்னொரு கணக்கு உண்டு. மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று தைத்திரீய சம்ஹிதை சொல்கிறது: தேவர்களுக்கு ஒன்று, ரிஷிகளுக்கு ஒன்று, முன்னோர்களுக்கு ஒன்று. வேள்வியால் முதல் கடனும், கற்பதால் இரண்டாவதும், பிள்ளை பெறுவதால் மூன்றாவதும் தீரும். அது அந்தணனைப் பற்றி மட்டும் பேசிய வரி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதன் போக்கு வியப்பூட்டுகிறது. அங்கே படிப்பது கடனை அடைக்கும் வழி. முன்னால் வந்தவர்கள் சேர்த்துவைத்த அறிவை வாங்கிக்கொண்டு, அதைப் பிழையில்லாமல் அடுத்தவருக்குச் சேர்ப்பதே திருப்பிக் கொடுத்தல். நம் காலத்தில் அது தலைகீழாகி, படிக்கத் தொடங்கும் நாளில்தான் கடன் பிறக்கிறது. ஐரோப்பாவிலும் அறிவு இறைவன் தந்தது, விற்கக்கூடாதது என்று திருச்சபை அறிஞர்கள் வாதிட்ட காலம் இருந்தது. 1179ல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், ஒவ்வொரு பேராலயத்திலும் ஏழை மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்க ஓர் ஆசிரியருக்கு மானியம் ஒதுக்கச் சொன்னது. அவர்களும் பொதுப் பணத்தைத்தான் தேடினார்கள்.

இன்றைய நிலைக்கு வருவோம். விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தின் முதல் வரிசையில் பல ஆண்டுகள் நின்றது. 1947ல் எழுந்த விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி முதல், சிவகாசியில் 1963ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968ல் ஸ்டாண்டர்ட் பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி, 1984ல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி என்று பெயரைக் கேட்டாலே தொழில் தெரியும் கல்லூரிகள் வரிசையாக உண்டு. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். இளநிலைக்கு அரசு உதவியும் ஓரளவு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது முதல் பட்டத்தோடு நின்றுவிடும்.

அதன் பிறகுதான் தேடல். பிள்ளை எம்.எஸ்சி. சேர நினைக்கும் ஒரு பட்டாசுத் தொழிலாளி வீட்டில் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் சொல்வார்கள். முதலில் அம்மாவின் தோடு அடகுக்குப் போகும். பிறகு மகளிர் குழுக் கடன். பிறகு சீட்டைத் தள்ளி எடுப்பார்கள். தீபாவளி போனஸ் வரும் மாதம் வரை கல்லூரியில் தவணை கேட்பார்கள். ஆபீஸில் முன்பணம் வாங்கினால் அந்த வருஷம் முழுக்க வேறிடம் மாற முடியாது என்பதால் அது கடைசி வழி. தீப்பெட்டி ஆலையும் பட்டாசு ஆலையும் இங்கே ஆபீஸ்தான்.

வங்கிக்குப் போனால் 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்காமல் கல்விக் கடன் கொடுக்கலாம் என்பது விதி. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் 2009ல் வந்தது. அதில் ஒரு நிபந்தனை உண்டு: அந்தச் சலுகை ஒரு மாணவருக்கு ஒரே ஒரு முறைதான், இளநிலைக்கோ முதுநிலைக்கோ. வசதியில்லாததால் இளநிலைக்கே கடன் வாங்கிய பிள்ளைக்கு முதுநிலையில் அந்தக் கதவு மூடியிருக்கும். 2024ல் வந்த பிரதமர் வித்யாலட்சுமித் திட்டமோ தரவரிசையில் மேலே உள்ள கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கானது. யாரிடம் பணம் குறைவோ அவர்களுக்கே பாதையும் குறுகலாக இருக்கிறது. கடனை வாங்கும் நாளில் அப்பாவோ அம்மாவோ கூடக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு தலைமுறையும் ஒரே காகிதத்தில் கடனாளியாகின்றன.

இதுவரை சொன்னது பாதிக் கதைதான். மகமையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நேர்மையாகப் பார்த்தால், மூட்டைமேல் போட்ட மகமையின் பின்னால், அந்த மூட்டையைச் சுமந்த தோள் யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. உறவின்முறை தன் உறவுக்குள் நியாயமாக இருந்தது. உறவுக்கு வெளியே நின்று உழைத்தவர்கள் அந்த ஒப்புரவின் வட்டத்துக்குள் வரவில்லை.

1922ல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். மழையில்லாத கரிசல் பூமியில் இரண்டு இளைஞர்கள் தேடிப்போய்க் கற்ற அந்தப் படிப்பு, ஒரு மாவட்டத்தின் விதியை மாற்றியது. அதை மேல்படிப்பு என்றே சொல்லலாம். தீப்பெட்டியிலிருந்து பட்டாசும் அச்சும் கிளைத்தன. குட்டி ஜப்பான் என்று பெயர் வந்தது. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இங்கிருந்து போவதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

அந்தச் செல்வம் சேர்ந்த காலத்தில், விடியுமுன் கிராமங்களுக்குள் ஆபீஸ் பஸ் வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிப்போகும். சட்டகத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் சிறு விரல்களுக்கு எளிது என்று ஒரு நியாயம் சொல்லப்பட்டது. எண்ணிக்கைக்குக் கூலி. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையின் கை ஈடு. 1990ல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் இதை உலகத்துக்குக் காட்டியது. அதற்கு முன்பே, 1986ல், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்திருந்தார்.

அந்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பை இந்தக் கட்டுரையின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்தப் பணத்தின் வருமானம், பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் காலம்வரை குடும்பத்துக்குப் போக வேண்டும். தொகை பெரிதல்ல. எல்லா இடத்திலும் ஒழுங்காக வசூலானது என்றும் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தீர்ப்பு ஒரு உறவைத் திருப்பிப்போட்டது. அதுவரை தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு முதலாளி பணம் கொடுத்தால் அது தருமம். தீர்ப்புக்குப் பிறகு அது பாக்கி. பிள்ளை வாங்குபவன் இல்லை. அவனுக்கு வரவேண்டியது இருக்கிறது.

கல்விக் கடன் பற்றிய பேச்சில் தவறிப்போகும் இடம் இதுதான். முப்பது வருஷம் பட்டாசு ஆபீஸில் திரி செலுத்தி, அலுமினியத் தூள் படிந்து கை வெள்ளியாகிப்போன ஒரு பெண்ணின் மகள் வங்கியில் உட்கார்ந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணுக்கு அவள் கடன் கேட்டு வந்தவள். நூறாண்டுக் கணக்கை விரித்துப் பார்த்தால் அவள் கடன் கொடுத்தவர்களின் வீட்டுப் பெண். அவளுடைய அம்மா பள்ளிக்குப் போகாத வருஷங்கள் யாரோ ஒருவரின் லாபத்தில் ஏறியிருக்கின்றன. அந்த லாபத்தில் ஒரு பகுதி கல்லூரிக் கட்டடமாகவும் ஆகியிருக்கிறது. கட்டடம் எழுந்ததைக் குறைசொல்ல முடியாது. லாபம் முழுவதும் மாளிகையாகப் போன ஊர்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் அவள் நுழைவதற்கு வட்டியும் கட்ட வேண்டுமென்றால் கணக்கு நேராகவில்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் லேசானவை அல்ல. இன்று தொழில் நடத்துபவர் தம் தாத்தா காலத்துப் பாவத்துக்கு ஏன் கட்ட வேண்டும்? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபின் பல சிறு ஆலைகள் மூச்சுத் திணறுகின்றன. குழந்தைத் தொழிலாளர் முறையும் இந்தப் பகுதியில் பெருமளவு ஒழிந்துவிட்டது. இரண்டும் உண்மை. அதனால்தான் ஒரு ஆளைக் காட்டி நீ கொடு என்று சொல்வதில் பயனில்லை. மகமையின் அழகே அதில் குற்றவாளி தேவைப்படாததுதான். பேட்டைக்குக் கிணறு வெட்ட யாருடைய தவற்றையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு மறுப்பு பழையது: சும்மா கொடுத்தால் படிப்பின் அருமை தெரியாது, திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு இருந்தால்தான் ஒழுங்காகப் படிப்பார்கள். 1910ல் பொறையாறு ரத்தினசாமி நாடாரின் முயற்சியால் எழுந்த நாடார் மகாஜன சங்கமே மாணவர்களுக்குத் திருப்பித் தரும் கடனாகப் படிப்புதவி கொடுத்தது. வேலைக்குப் போனவர் கட்டினால் அடுத்தவர் படிக்கலாம் என்பது ஏற்பாடு. அந்தச் சங்கத்தின் தூண்டுதலில் 1921ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் வந்தது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். ஆகவே கடனும் இந்த மரபுக்கு அந்நியமில்லை. வட்டியில்லாமல், அடுத்த பிள்ளையை நினைத்துத் திருப்பித் தரும் கடனுக்கும், வேலை கிடைக்காவிட்டாலும் மாதத் தவணை துரத்தும் கடனுக்கும் இடையே ஒரு அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1971ல் இதைப் போன்ற ஒன்றைச் செய்துபார்த்தது. மாணவர்கள் கூட்டாகக் கடன்பட்டு, ஒவ்வொருவரும் தம் வருமானத்தில் ஒரு பங்கைக் கூட்டத்தின் கடன் முழுதும் தீரும்வரை கட்ட வேண்டும். கட்டாமல் போனவர்களின் பாரம் கட்டியவர்கள் தலையில் ஏறியது. ஆண்டுகள் போகப் போக மனக்கசப்பு முற்றி, பல்கலைக்கழகமே தலையிட்டுத் திட்டத்தை முடித்துவைத்தது. காகிதத்தில் அது மகமையைவிட நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் பட்டம் வாங்கி ஆளுக்கொரு திசையில் போனவர்களுக்கிடையே பொதுவான சந்தையோ கோயிலோ தெருவோ இல்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் பொதுக் கடன் நிலைப்பது கடினம். மகமை வாழ்ந்ததற்கு ஊர் என்ற ஒன்று இருந்தது காரணம்; அந்த ஊர் சாதி எல்லைக்குள் சுருங்கியிருந்தது அதன் குறை. எல்லையை அகலப்படுத்தினால் பிணைப்பு தளருமே என்ற அச்சத்தைத் தள்ளிவிடுவதற்கில்லை. இந்த மாவட்டத்தில் பிணைப்பு ஏற்கெனவே வேறொரு வடிவில் இருக்கிறது: தொழிலாளியும் முதலாளியும் லாரிக்காரரும் கடைக்காரரும் ஒரே தீபாவளியை நம்பியிருக்கிறார்கள்.

கட்டணம் மட்டும் பேச்சாக இருப்பதிலும் ஒரு குறை உண்டு. காமராஜர் படித்தது அந்தப் பிடி அரிசிப் பள்ளியில்தான். கட்டணத் தொல்லை இருக்கவில்லை. ஆனாலும் ஆறு வயதில் தந்தையை இழந்த பையனால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. மாமாவின் துணிக்கடைக்குப் போனார். ஏழை வீட்டில் படிப்பின் உண்மையான செலவு, படிக்கும் நேரத்தில் சம்பாதிக்காமல் விட்ட கூலி. முதலமைச்சரானதும் அவர் பள்ளியைத் திறந்ததோடு விடாமல் மதிய உணவையும் சேர்த்தது இந்த அனுபவம் தெரிந்த ஒருவரின் செயல். முதுநிலைக்கு வரும் வயது இருபத்தொன்று. அந்த வயதில் ஒரு பையனோ பெண்ணோ வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய சம்பளம், ஆறு வயதுப் பிள்ளையின் சோற்றைவிடப் பலமடங்கு பெரிது. இரண்டு ஆண்டு எம்.எஸ்சி.க்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாலும், அந்த இருபத்துநான்கு மாதச் சம்பளத்தை யாராவது ஈடுசெய்யாவிட்டால் அந்தப் பிள்ளை சேராது. இதைப் பேசாத எந்த உதவித் திட்டமும் தொழிலாளி வீட்டைத் தொடுவதில்லை.

2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பட்டாசு விபத்துகளில் இறக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்றும், அதற்கு மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் 5 கோடி ரூபாயில் நிதியம் தொடங்கும் என்றும் அறிவித்தார். 2012ல் முதலிப்பட்டியிலும் 2021ல் அச்சங்குளத்திலும் நடந்த வெடிவிபத்துகளைப் பார்த்த மாவட்டத்துக்கு இது எவ்வளவு தேவையான அறிவிப்பு என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த நிதியின் கதவு ஒரு சாவுக்குப் பிறகுதான் திறக்கிறது. உயிரோடு வேலைசெய்து, மாலையில் கைகழுவிவிட்டு வீடு திரும்பும் அம்மாவின் மகளுக்கு அதில் இடமில்லை.

அவளுக்கும் இடம் வைக்க முடியும். ஆலையை விட்டுப் போகும் ஒவ்வொரு பட்டாசுப் பெட்டிக்கும் ஒரு மகமை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவாக, பில்லிலேயே ஒரு வரியாக. அந்தப் பணம் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் முதுநிலைப் படிப்புக்கு மட்டும், கட்டணமும் மாதச் செலவுத்தொகையுமாக, சாதி பார்க்காமல். மேடை வேண்டாம், அட்டைக் காசோலை வேண்டாம். நிர்வாகக் குழுவில் ஆலை உரிமையாளர்களோடு திரி செலுத்தும் பெண்களும் முறைகாரர்களாக உட்கார வேண்டும், ஏனென்றால் யாருடைய பணம் என்ற கேள்வி எழும்போது பதில் சொல்லும் உரிமை அவர்களுக்குத்தான் முதலில் உண்டு. வசூலிக்கும் கலையை இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எத்தனை ரூபாய் வைப்பது, எந்தப் படிப்புகளைச் சேர்ப்பது, வேலைக்குப் போனவர்கள் விரும்பினால் திரும்பச் செலுத்த என்ன வழி என்பவை அடுத்த தீபாவளிக்கான ஆர்டர் எடுக்கத் தொடங்குமுன் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய விஷயங்கள்.